பவர் ஸ்டியரிங் ஆயில்: வீட்டிலேயே மாற்றி ஏர் எடுப்பதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து ஓர் இன்னோவாவைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டுமானால், ஸ்டியரிங்கை ஒரு முறை இடது கடைசிவரைக்கும் மறு முறை வலது கடைசிவரைக்கும் ஒடித்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டு மாடலான எங்கள் வண்டி, கார்த்திகை மாதத்து விடியற்காலை ஒன்றில் அப்படி ஒடிக்கும்போது, பானெட்டுக்குள்ளிருந்து மாடு முனகுவது போன்ற ஓர் ஒலியை எழுப்பியது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஒலி நின்றுவிட்டது. பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தேன். அளவு கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரற்கடை கீழே இருந்தது. செக்கச்செவேல் என்று இருந்திருக்க வேண்டிய ஆயில், காய்ந்து கருகிய வெல்லப்பாகின் நிறத்தில், மேலே மெல்லிய நுரையுடன் கிடந்தது.

அந்த நிலையில் ஒருவர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பிவிடலாம். டப்பாவில் உள்ளதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, அதையே ஒரு வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி, பழைய ஆயில் முழுவதையும் ஒரே நாளில் வெளியேற்றலாம். இவை எதுவும் வேண்டாமென்றால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். நான்கையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்தவன் நான். கசிவு இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வேலை பார்க்க விரும்பும் ஒருவருக்குச் சிரிஞ்ச் வழியே ஏற்றது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், அந்த முடிவு பொருந்தாத இடங்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்தக் கேள்வி எல்லாக் கார்களுக்கும் எழுவதில்லை. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்ற வண்டிகளில் ஸ்டியரிங்குக்குத் துணை நிற்பது ஒரு மின் மோட்டார். அவற்றில் ஆயிலும் இல்லை, ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ வேலையும் இல்லை. இன்னோவா, சான்ட்ரோ ஜிங், ஃபோர்டு ஐகான், பழைய ஸ்கார்ப்பியோ என இன்றும் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஓடிக்கொண்டிருக்கும் பல வண்டிகளில், என்ஜின் பெல்ட்டால் சுற்றும் ஒரு பம்பு ஆயிலை அழுத்தி, முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கில் வேலை முடித்த ஆயில் வேறொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது இந்தச் சுற்றில் அழுத்தம் பல கார்களில் 70 முதல் 100 பார் வரை ஏறும். நாம் டயரில் அடிக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், சிறிய ஹோஸ் ஒன்றின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பது விளங்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே, சுற்றுக்குள் புகுந்த காற்றுக் குமிழிகள் பம்புக்குள் நசுங்கி உடையும்போது முனகல் ஒலி எழுகிறது, ஸ்டியரிங் விட்டுவிட்டு இறுகுகிறது, பம்பின் உட்பக்கம் நாளடைவில் அரிக்கப்படுகிறது.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி, ஆயில் ஏன் குறைந்தது என்பதுதான். பவர் ஸ்டியரிங் ஆயில் என்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைவதில்லை; மூடிய சுற்றில் ஓடுகிற பொருள் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பழைய பனியன் வேஸ்ட்டால் டப்பாவைச் சுற்றியும் ஹோஸ் சேரும் இடங்களையும் பம்பின் முகத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிய பிறகு மீண்டும் பார்த்தால் ஈரம் எங்கே படர்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் அது திரும்பும் ஹோஸ் டப்பாவில் ஏறும் இடத்தில் இருந்தது. அங்கிருந்த கிளிப்பு துருவேறித் தளர்ந்திருந்தது. ஒரு கிளிப்பை மாற்றியதோடு கசிவு நின்றது.

முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் கிளிப்புகளோடு இரும்புக் குழாய்களையும் பார்க்க வேண்டும். பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்தக் குழாயின் ஒரு பகுதி பெரும்பாலும் இரும்பால் ஆனது. உப்புக் காற்று அதன் மேல் பூச்சைத் தின்றுவிட்டால் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்தும் ஆயில் பீய்ச்சும், சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதேபோல, முன் சக்கரங்களுக்குப் பின்னால் ரேக்கின் இரு முனைகளிலும் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை விரல்களால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் தளும்பினால், கசிவைத் தடுக்கும் ரேக்கின் சீல் போய்விட்டது என்று பொருள். அழுத்தக் குழாயிலோ ரேக் சீலிலோ கசிவு இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள வீட்டு வழிகள் மூன்றுமே பயன்படா. பழுதை நீக்கும் மெக்கானிக்கே ஆயிலையும் மாற்றி ஏர் எடுத்துக் கொடுப்பார்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு ஒரு தனிச் சோதனை தேவைப்பட்டது. கிழிந்த ரப்பர் உறை வழியாக நீர் புகுந்தால் ரேக் துருவேறும். ஆயிலிலேயே நீர் கலந்தால் அது மோர் போல வெளுக்கும். ஆனால் காற்றுக் கலந்த ஆயிலும் அதே போல வெளுத்துத்தான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய, சிறிது ஆயிலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்துப் பார்த்தால் போதும். தெளிந்துவிட்டால் அது காற்று. வெளுப்பு அப்படியே இருந்தால் நீர். நீர் கலந்த ஆயிலைச் சிறிது சிறிதாக மாற்றுவதில் பொருளில்லை, ஒரே நாளில் முழுவதையும் வெளியேற்றியாக வேண்டும்.

எந்த ஆயில் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னோவாவின் கையேடு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் ஆயிலை, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயிலைக் கேட்கிறது. ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் இது பொதுவாகச் சிவப்பு நிறத்தில் கிடைக்கும். ஹோண்டா தன் வண்டிகளுக்குத் தனி ஆயிலைச் சொல்கிறது, அங்கே ஏடிஎஃப் ஊற்றுவது சீல்களைக் கெடுக்கும். ஹூண்டாயின் பல மாடல்களுக்குப் பிஎஸ்எஃப்-3 அல்லது பிஎஸ்எஃப்-4 என்று பவர் ஸ்டியரிங் ஆயிலின் வகை மூடியிலேயே எழுதியிருக்கும். நிறத்தைப் பார்த்து ஆயிலை முடிவு செய்யக் கூடாது. மூடியில் அச்சிட்டிருப்பதையும் கையேட்டையும் பார்த்தே வாங்க வேண்டும். எங்களிடம் முன்பு இருந்த ஒரு காரில், வெளியூர்ப் பயணத்தின்போது வழியில் இருந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன், குறைந்திருந்த ஸ்டியரிங் டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்கள் தாதுவகை எண்ணெய்க்கென்று செய்யப்பட்டவை. இரண்டு மாதத்தில் சீல்கள் உப்பி ரேக்கின் இருபுறமும் ஒழுகத் தொடங்கியது, ரேக்கைக் கழற்றி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. சில நூறு ரூபாய் பெறும் ஒரு லிட்டர் ஆயிலில் வந்த தவறு, அதைப்போலப் பல மடங்கு செலவில் முடிந்தது. அன்றிலிருந்து மூடியை யார் திறந்தாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

குறைந்ததை மட்டும் ஊற்றும் முதல் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயிலின் நிறம் இன்னும் நன்றாக இருந்து, கசிவும் சரிசெய்யப்பட்டு, அளவு மட்டும் குறைந்திருந்தால் அது போதும். அளவைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். டப்பாவில் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் சூடான நிலைக்கு ஒரு கோடும் இருக்கும். குளிர்ந்த நிலை என்று கையேடு சொல்வது பொதுவாக 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பம். சித்திரை வைகாசியில் நம் ஊரில் பிற்பகல் நேரத்தில், இரவெல்லாம் ஓடாமல் நின்ற வண்டியின் ஆயில்கூட அந்த அளவைத் தாண்டியிருக்கும். ஆகவே குளிர்ந்த கோட்டை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும். மதியத்தில் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் உண்மையில் குறைவாக இருக்கும்.

மூன்றாவது வழியான ஹோஸைக் கழற்றி மாற்றுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் காணொளிகளைப் பார்ப்பவர்களின் மனம் அதில்தான் போகிறது. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, டப்பாவைச் சிரிஞ்சால் காலி செய்து, திரும்பும் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு பிளாஸ்டிக் புட்டியில் விட்டு, டப்பாவில் ஹோஸ் இருந்த துளையை அடைத்துவிட்டுப் புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடிக்க ஒடிக்க, பழைய ஆயில் புட்டியில் விழும். டப்பாவில் குறையக் குறைய மற்றவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். புட்டியில் விழுவது தெளிந்த சிவப்பாக மாறியதும் வேலை முடிந்தது. இரண்டு லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலான கார்களுக்குப் போதுமானது, ஒரே காலையில் ஏறக்குறைய முழு ஆயிலும் புதியதாகிவிடும். வெள்ள நீர் கலந்த வண்டிக்கும், தவறான ஆயில் ஊற்றப்பட்ட வண்டிக்கும் இதுவே சரியான வழி.

இதில் பலரும் தவறுவது என்ஜினை ஓடவிட்டு இதைச் செய்வதில்தான். நிற்கும் நிலையில் ஓடும் என்ஜினிலேயே பம்பு ஒரு நிமிடத்தில் பல லிட்டர் ஆயிலைத் தள்ளும். டப்பாவில் இருப்பதோ அரை லிட்டருக்கும் குறைவு. கீயைத் திருப்பிய சில நொடிகளில் டப்பா காலியாகி, பம்பு வெறுங்காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆயிலே தனக்கு எண்ணெய்ப் பூச்சாகவும் அமைந்த பம்பு, அந்த நொடிகளில் உலர்ந்த இரும்போடு இரும்பாக உராய்கிறது. முதன்முறை இந்த வழியில் செய்தபோது நானும் என்ஜினை ஓடவிட்டேன். ஊற்றும் கை ஈடுகொடுக்கவில்லை, உள்ளே போன காற்றை வெளியே எடுக்க அன்று மாலைவரை ஆயிற்று. என்ஜினை அணைத்து வைத்துக் கையால் ஒடித்துச் செய்தால் ஆயில் மெதுவாக வரும், நேரம் கூடும், ஆனால் பம்பு காயாது. உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

சிரிஞ்ச் வழியில் ஹோஸ் எதையும் கழற்றுவதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்றில் மெல்லிய குழாயை மாட்டி, டப்பாவில் உள்ள ஆயிலை உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதியதை ஊற்ற வேண்டும். பிறகு வண்டியை வழக்கம்போல ஓட்ட வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு முறை போய் வந்தாலே பழையதும் புதியதும் நன்றாகக் கலந்துவிடும். அடுத்த வாரம் மீண்டும் உறிஞ்சி ஊற்ற வேண்டும்.

இந்த வழி அரைகுறையானது என்று சொல்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். சுற்று முழுவதிலும் ஒரு லிட்டர் ஆயில் இருப்பதாகவும், டப்பாவிலிருந்து 350 மில்லி எடுக்க முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் முறைக்குப் பின் பழைய ஆயில் 65 விழுக்காடு மிஞ்சும். இரண்டாம் முறைக்குப் பின் 42, மூன்றாம் முறைக்குப் பின் 27, நான்காம் முறைக்குப் பின் 18, ஐந்தாம் முறைக்குப் பின் ஏறக்குறைய 12. ஐந்து முறைக்கும் சேர்த்துச் செலவாவது ஒன்றே முக்கால் லிட்டர். ஹோஸைக் கழற்றும் வழியில் இரண்டு லிட்டர் போகிறது. ஆகவே ஆயில் செலவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு நேரத்திலும் ஆபத்திலும்தான் இருக்கிறது. சிரிஞ்ச் வழிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. டப்பாவின் அடியில் பம்புக்குப் போகும் துளை வெளியே தெரியுமளவு முழுவதும் உறிஞ்சிவிடாமல் சற்று விட்டுவைத்தால் காற்றும் பெரும்பாலும் உள்ளே போகாது. வெள்ளைத் தாளில் ஒவ்வொரு வாரமும் ஒரு சொட்டு விட்டு, தேதியிட்டு வைத்தேன். கருகிய வெல்லப்பாகு முதலில் காப்பித்தூள் நிறமாகவும், பிறகு மாதுளைச் சாற்றின் நிறமாகவும் மாறிக்கொண்டு வந்தது அந்தத் தாளில் தெரிந்தது. சொட்டில் மினுமினுக்கும் துகள் தெரிந்தால் அது பம்பின் இரும்பு. அந்த வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் விடுவதன் உண்மையான பயன் வேக்குவம் பம்பு. டப்பாவின் வாயை அடைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும்போது, ஆயிலில் சிக்கியிருக்கும் சிறு குமிழிகள் பருத்து மேலே ஏறி வெளியேறுகின்றன. பலமுறை ஒடித்தும் முனகல் தீராத வண்டிகளுக்கு அதுவே தீர்வு. ஆகவே வண்டியை விடுவதற்கு முன் அந்தக் கருவி இருக்கிறதா, எந்த ஆயில் ஊற்றுவார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட வேண்டும். இருப்பது சிரிஞ்சும் புனலும் மட்டுமே என்றால், அதை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம்.

இனி ஏர் எடுப்பது. சிரிஞ்ச் வழியில் கவனமாகச் செய்தால் இதற்குப் பெரும்பாலும் தேவை வராது. ஹோஸைக் கழற்றினாலோ, அளவு மிகவும் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சியிருந்தாலோ கட்டாயம் வேண்டும். எங்கள் வண்டியில் முனகல் இருந்ததால், கிளிப்பை மாற்றி முதல் முறை ஆயில் ஊற்றிய அன்றே ஏர் எடுத்தோம். நம் பகுதி வீடுகளின் முற்றம் பல இடங்களில் வெறும் மணல். ஜாக்கியை அப்படியே வைத்தால் புதையும். இரண்டு அங்குலத் தடிமனான மரப்பலகையின் மேல் ஜாக்கியை வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் இறக்கினேன். ஸ்டாண்டுக்கு அடியிலும் பலகை வேண்டும். சக்கரம் தரையில் இருந்தால் என்ஜின் அணைந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒடிப்பது கடினம். மேலும் அந்தச் சுமை குமிழிகளை நசுக்கி ஆயிலோடு கலக்கும். தொங்கும் சக்கரம் இலகுவாகத் திரும்பும், குமிழி குமிழியாகவே மேலே வரும்.

மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் கீயைத் திருப்பச் சொன்னேன், என்ஜின் ஓடவில்லை. டப்பாவில் ஆயில் குளிர்ந்த கோடுவரை இருந்தது. அவள் இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் மெதுவாக ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் டார்ச் வெளிச்சத்தில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நான்கைந்து முறை கோலிக்குண்டு அளவுக் குமிழிகள் வெடித்தன, ஆயில் சட்டென்று இறங்கியது, மீண்டும் ஊற்றினேன். பத்து முறைக்குப் பிறகு, “போதுமாப்பா?” என்று கேட்டாள். “இன்னும் கடுகு கடுகா வருதும்மா, அவசரப்படாம ஒடி” என்றேன். இருபதாவது முறைக்குள் மேற்பரப்பு அசையாத குளம்போல ஆயிற்று. அரை மணி நேரம் அப்படியே விட்டோம், ஏனெனில் ஆயிலோடு கலந்துவிட்ட நுண்ணிய குமிழிகள் தாமாக ஏறி வர அவகாசம் வேண்டும்.

அதன் பிறகுதான் என்ஜினை இயக்கினோம். ஓடும் நிலையில் இருபுறமும் சில முறை மெதுவாக ஒடிக்க வேண்டும். கடைசியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது, அங்கேதான் அழுத்தம் உச்சத்தில் நிற்கிறது, ஆயில் வேகமாகச் சூடேறுகிறது. நுரை கிளம்பினால் உடனே என்ஜினை அணைத்து மீண்டும் காத்திருக்க வேண்டும். நுரையோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் அடங்கும் என்று நினைப்பது பம்புக்குக் கேடு. வண்டியை இறக்கிய பின் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஓடும்போது டப்பாவில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, அணைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால், அழுத்தம் நீங்கியதும் அது விரிந்து ஆயிலை மேலே தள்ளும். டொயோட்டாவின் சர்வீஸ் கையேடுகள் 5 மில்லிமீட்டர் வரை ஏறுவதை ஏற்கின்றன. எங்கள் வண்டியில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை தெருவிலிருந்து எடுக்கும்போது முனகல் இல்லை. நிறத்தை மாற்றும் வேலையை அடுத்த நான்கு ஞாயிறுகளில் சிரிஞ்ச் முடித்தது.

ஐந்து முறையும் எடுத்த பழைய ஆயிலை இரண்டு தண்ணீர் பாட்டில்களில் சேர்த்து, குழந்தைகள் கையில் படாத இடத்தில், மேலே பெயர் எழுதி வைத்திருந்தேன். கழிவு எண்ணெயை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயக் கழிவாக வகைப்படுத்துகின்றன. கடற்கரையோர மணலில் ஊற்றியது கிணற்று நீருக்கு இறங்க நெடுநாள் ஆகாது. சாக்கடையில் விட்டால் கெடிலம் ஆற்றுக்குப் போகும். பழைய என்ஜின் ஆயிலைப் பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் இதையும் வாங்கிக்கொள்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் போகும்போது இரண்டு பாட்டில்களையும் அப்படி ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.